59 பெயர்கள், 8 புழுக்கள்: நன்னீர் மீன்களின் புழு வகைப்பாடு பற்றி ஒரு விமரிசனம்

சங்க மலர்களில் சமயம், சங்க இலக்கியம், இசை என்று கட்டுரைகள் வருவதுதான் வழக்கம். மீன் குடலில் வாழும் புழுக்களைப் பற்றி, அதுவும் மீனே சமைக்காத வீட்டைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சமணன் எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இரண்டு. எங்கள் நூல்களில் இரண்டு புலன் மட்டும் உடைய உயிருக்கு முதல் உதாரணமே புழுதான். அந்தப் புழுவைப் பற்றி இன்றைய விலங்கியல் என்ன சொல்கிறது என்று தேடிப் படிப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். இரண்டாவது, நாம் குடியேறி வாழும் இந்த நாகபுரிக்கும் மீன் புழு ஆராய்ச்சிக்கும் நூறு வருஷத் தொடர்பு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பது சுலபம். அந்தப் பெயருக்கு உண்மையிலேயே தனிப் பொருள் உண்டா என்று நிரூபிப்பதுதான் வகைப்பாடு. நம் நாட்டு மீன் புழு ஆராய்ச்சியில் முதல் வேலை ஏராளமாக நடந்தது, இரண்டாவது வேலை பின்தங்கிப் போனது. இதே குறை நம் தமிழ்க் கட்டுரைகளிலும் உண்டு. அதையும் கடைசியில் பார்க்கலாம்.

புழு என்பது ஒரே குலமா?

ஒரு கெண்டையையோ விராலையோ அறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் பொதுவாக ஐந்து விதப் புழுக்களைத் தேடுவார். செவுளிலும் தோலிலும் கொக்கி போட்டுத் தொங்கும் மோனோஜீனியா ஒன்று. நத்தையில் இளமையைக் கழித்துவிட்டு மீனுக்கு வரும் ட்ரெமடோடா என்ற இலைப்புழு இரண்டு. குடலில் வாழும் நாடாப்புழு மூன்று. உருளைப்புழு நான்கு. முள் நிறைந்த மூக்கைக் குடல் சுவரில் குத்திக்கொண்டு வாழும் முட்தலைப்புழு ஐந்து.

பார்வைக்கு எல்லாம் புழுதான். உறவு முறையில் பார்த்தால் கதை வேறு. உருளைப்புழு வளரும்போது சட்டையை உரிக்கும். பூச்சியும் நண்டும் அப்படியே. 1997இல் மரபணு ஒப்பீட்டை வைத்து உருளைப்புழுவையும் பூச்சிகளையும் ஒரே பெருங்கிளையில் சேர்த்தார்கள். ஆக, மீன் குடலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் உருளைப்புழுவும் நாடாப்புழுவும் நெருங்கிய சொந்தம் இல்லை. உருளைப்புழுவுக்கு எறும்பு நெருங்கிய சொந்தம்! முட்தலைப்புழுவோ, குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தின் உறவு என்று மரபணு காட்டியது. ஒரே சத்திரத்தில் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

பழைய அறிஞர்களும் இதில் தடுமாறினார்கள். 1758இல் லின்னேயஸ் 'வெர்மெஸ்', அதாவது புழுக்கள், என்று ஒரு பெரிய மூட்டை கட்டி, நத்தை, சிப்பி உட்பட எலும்பில்லாத பலதையும் அதில் போட்டார். 1808 முதல் 1819 வரை நூல்கள் எழுதிய ருடால்ஃபி உடலுக்குள் வாழும் புழுக்களை ஐந்து வரிசைகளாகப் பிரித்தார். அதில் ஒரு வரிசை 'சிஸ்டிகா', பைப்புழுக்கள். 1850களில் கூகன்மைஸ்டர் பைப்புழுவை விலங்குகளுக்கு ஊட்டிச் சோதித்தார். அது வளர்ந்து நாடாப்புழுவாக நின்றது. தனி வரிசை என்று நினைத்தது வேறொரு வரிசையின் குழந்தைப் பருவம். ஒரு வரிசையே பேரேட்டிலிருந்து அடித்துப் போயிற்று. இதில் ருடால்ஃபிக்கு அவமானம் ஒன்றும் இல்லை. தவறு இருந்தால் பிடிபடும்படி கணக்கு எழுதியிருந்தார், பிடிபட்டது. நல்ல வகைப்பாட்டுக்கு அதுவே இலக்கணம்.

நாகபுரிப் புழுவின் கதை

வடக்கே 'மாகுர்' என்று விற்கும் மீனை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மீசை வைத்த கெளுத்தி வகை. தண்ணீர் வற்றினால் தரையில் நெளிந்து நகரும், காற்றையும் சுவாசிக்கும். இந்த மீனின் குடலிலிருந்து ஒரு புழுவை எடுத்து 1925இல் நாகபுரியின் மோகே 'கேரியோஃபிலேயஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே உட்லாண்ட் அதை 'லைட்டோசெஸ்டஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றினார். அதே 1926இல் டென்மார்க்கின் போவியன், ஜாவாவில் இதே வகைக் கெளுத்தியில் கிடைத்த புழுக்களை விவரித்தார். அவற்றில் ஒன்றின் பேரினப் பெயர் 'ஜொம்பாங்கியா'. ஜாவாவில் ஜொம்பாங் என்று ஓர் ஊர் உண்டு.

மோகே தன் கட்டுரைத் தலைப்பில் இந்தப் புழுவை ட்ரெமடோடா என்று போட்டிருந்தார். உண்மையில் இது நாடாப்புழுக் குலம். இதைக் குறை சொல்லவும் முடியாது. நாடாப்புழு என்றால் கண்ணி கண்ணியாக நீளும் என்பதுதான் பாடம். இந்தக் கூட்டத்துக்குக் கண்ணியே கிடையாது. ஒரே துண்டு உடல், ஒரே ஒரு ஜோடனை இனப்பெருக்க உறுப்பு. நீரில் வாழும் மண்புழுச் சாதிப் புழுவுக்குள் வளர்ந்து, அதை மீன் தின்னும்போது மீனுக்குள் போய்ச் சேரும். விதிவிலக்கு என்பதாலேயே இது ஆராயத்தக்கது.

விராலில் வாழும் ஒரு முட்தலைப்புழுவுக்கு 1931இல் பாலேராவ் வைத்த சிற்றினப் பெயர் 'நாக்புரென்சிஸ்'. நம் ஊர்ப் பெயர் உலக விலங்கியலில் இப்படியும் ஏறியிருக்கிறது. 1973இல் கேரளத்தில் ஜார்ஜ், நடக்கல் இருவரும் இதன் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து எழுதினார்கள். பெயரோடு நிற்காமல் புழுவின் வாழ்க்கையையும் தொடர்ந்து போன அந்த மாதிரி வேலையை நான் மதிக்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? மாகுர் கெளுத்தியின் கண்ணியில்லா நாடாப்புழுக்களுக்குப் புதுப் பெயர்கள் வந்தபடியே இருந்தன. 2011இல் அனிர்பன் ஆஷ், ஷோல்ஸ், ஓரோஷ், கர் ஆகியோர் மொத்தக் கணக்கையும் எடுத்து வைத்துத் தணிக்கை செய்தார்கள். இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்று நாட்டிலும் புதிதாகப் புழு சேகரித்தார்கள். பழைய மூல மாதிரிகளில் கிடைத்ததை எல்லாம் மறுபடி பார்த்தார்கள். மரபணுவையும் ஒப்பிட்டார்கள். ஏட்டில் இருந்தது 15 பேரினங்களில் 59 பெயர். தேறியது 8 சிற்றினம்! மோகேயின் 'இண்டிகஸ்' அந்த எட்டில் ஒன்று. நம் ஊர்ச் சரக்கு நின்றது.

இன்னொரு வேடிக்கை, மீனின் பெயரிலும் தகராறு. இத்தனை கட்டுரையிலும் இந்த மீன் 'கிளேரியஸ் பட்ராகஸ்'. 2008இல் இங், கொட்டெலாட் இருவரும் அந்தப் பெயர் ஜாவா மீனுக்கே உரியது என்று மூல மாதிரி வைத்து நிலைநிறுத்தினார்கள். நம் நாட்டு மீன் இப்போது 'கிளேரியஸ் மாகுர்', ஹாமில்டன் 1822இல் வைத்த பெயர். மீன்காரர் கூவும் பெயரே விஞ்ஞானப் பெயராகவும் ஆகிவிட்டது.

வாளை மீன் கணக்கு

ஒரு மீனில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளலாம். அடுத்த வருஷம், 2012இல், ஆஷும் கூட்டாளிகளும் 'கங்கேசியா' என்ற நாடாப்புழுப் பேரினத்தைக் கையில் எடுத்தார்கள். கங்கையின் பெயரால் 1924இல் உட்லாண்ட் உண்டாக்கிய பேரினம் இது. இதில் முக்கியமான மீன் நம் சங்கப் பாட்டுக்காரர்கள் வாய் ஓயாமல் பாடிய வாளை. விஞ்ஞானப் பெயர் 'வாலாகோ அட்டு'. 'அட்டு' என்பதைக் கேட்டால் 'ஆத்து வாளை'தான் என் காதில் விழுகிறது. இந்த வாளைக்கும் அதன் இனத்தாருக்கும் உரிய புழுக்களாக ஏட்டில் 48 பெயர் இருந்தது. தேறியது 4.

48க்கு 4, 59க்கு 8. தானிய மண்டி வைத்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒரே பொன்னி அரிசியைப் பத்துப் பையில் கட்டி, பத்து முத்திரை குத்தி, இருப்பில் பத்து ரகம் என்று எழுதினால் கடை பெரிதாகத் தெரியும். தணிக்கைக்காரர் பையைப் பிரிக்கிற நாள் வரைக்கும்தான்.

பெயர்கள் ஏன் பெருகின?

இந்த ஆராய்ச்சிகளைப் படித்ததில் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, புழுவைப் பதப்படுத்திய விதம். உயிரோடு எடுத்து உப்புநீரில் கழுவிச் சூடான ஃபார்மலினில் போட்டால் புழு இயல்பான நீளத்தில் நிற்கும். சந்தையில் செத்துப் பல மணி நேரம் கிடந்த மீனிலிருந்து எடுத்தால் புழு அதற்குள் அழுக ஆரம்பித்திருக்கும். கண்ணாடிக்கு இடையில் வைத்து அமுக்கினால் அகலம் கூடும், உறுப்புகள் இடம் மாறும். சுருங்கிய புழு ஒரு சிற்றினம், அமுங்கிய புழு இன்னொரு சிற்றினம் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, சிறு வித்தியாசத்துக்குப் பெரிய மதிப்பு. விந்தகங்களின் எண்ணிக்கை, தலையின் வடிவம் இவை ஒரே புழு வகைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றிரண்டு புழுவை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணினால் அந்த மாற்றம் தெரியாது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி உயரத்தை அளந்து இரண்டு சாதி என்று சொல்கிற மாதிரி.

மூன்றாவது, எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, மூல மாதிரி. புதுப் பெயர் வைப்பவர் எந்தப் புழுவைப் பார்த்து வைத்தாரோ அதைப் பொதுக் காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுதான் ரசீது. கல்கத்தாவில் 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறையில் அதற்கு இடமும் இருக்கிறது. பல மூல மாதிரிகள் தேடியும் கிடைக்கவில்லை. 2000ஆம் வருஷம் முதல் அமலில் உள்ள விலங்கியல் பெயரிடும் சட்டத்தின் நான்காம் பதிப்பு, புதுச் சிற்றினத்துக்கு மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தக் காட்சியகத்தில் சேர்க்கப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்கிறது. ரசீது இல்லாமல் கணக்கு எழுதாதே என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதுதான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி எழுதியவர்களில் பலர் சின்ன ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள். கையில் பழைய நுண்ணோக்கி, நூலகத்தில் பாதிப் புத்தகம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மாதிரியோ கடல் தாண்டி இருக்கும். 1930இல் சௌத்வெல் எழுதிய நாடாப்புழுத் தொகுதிகளும், 1936, 1939இல் பேலிஸ் எழுதிய உருளைப்புழுத் தொகுதிகளும் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் வந்தவை. அவையே எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் முறையில், புதுப் பெயர் ஒன்று வைப்பது சுருக்கு வழி. ஆளைக் குறை சொல்வதை விட, பெயரை எண்ணி மதிப்புக் கொடுத்த முறையைக் குறை சொல்வதே சரி.

நிகண்டு கற்பிக்கும் பாடம்

சமணரான மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டைப் பழைய திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்வித்தார்கள். ஒரு பொருளுக்குப் பல பெயர் வரலாம், ஒரு சொல்லுக்குப் பல பொருளும் வரலாம் என்பது நிகண்டு படித்த சிறுவனுக்கே தெரியும். நிகண்டுக்காரர் யானைக்கு இருபது பெயர் சொன்னாலும் யானை ஒன்றுதான் என்று தெரிந்து சொல்கிறார். 59 பெயர் எழுதியவர்கள் 59 யானை இருப்பதாக எழுதினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. மீனின் வயிற்றறையில் வளரும் 'லிகுலா இன்டெஸ்டினாலிஸ்' என்ற நாடாப்புழுவை நெடுங்காலம் ஒரே சிற்றினம் என்று எண்ணினார்கள். மரபணுவைப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள் பல தனிக் கிளைகள் ஒளிந்திருந்தன. இது ஒரு சொல் பல்பொருள். ஆகவே பெயரைக் குறைத்தவர் எல்லாம் அறிஞர், கூட்டியவர் எல்லாம் அறியாதவர் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. செவுளில் வாழும் 'டாக்டிலோகைரஸ்' என்ற ஒரே பேரினத்தில் 900க்கு மேற்பட்ட சிற்றினங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. கெண்டைக் குலத்து மீன்கள் பலவற்றுக்குத் தனித்தனிச் செவுள்புழு உண்டு. அங்கே பன்மை உண்மையானது. கூட்டுவதா குறைப்பதா என்பதை ஆதாரம் முடிவு செய்ய வேண்டும், நம் ஆசை முடிவு செய்யக் கூடாது.

இதில் தவறினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். 1934இல் யமாகுதி ஜப்பானில் ஒரு நாடாப்புழுவை விவரித்தார். 1955இல் சீனத்துப் புல்கெண்டையில் கிடைத்த அதே புழுவுக்கு வேறு பெயர் வைத்தார்கள். பண்ணை வளர்ப்புக்காகப் புல்கெண்டை நாடு நாடாகப் போனபோது இந்தப் புழுவும் கூடவே பயணம் செய்தது. இன்று உலகெங்கும் 200க்கு மேற்பட்ட மீன் இனங்களில் பதிவாகியிருக்கிறது. கெண்டைக் குஞ்சுகளின் குடலை அடைத்துக் கொன்றுவிடும். நம் நாட்டுக்குப் புல்கெண்டை வந்தது 1959இல். வந்த புழுவா, இங்கேயே இருந்த புழுவா என்று தெரியாமல் எந்த மீன்வளத் துறை தடுப்பு வேலை செய்ய முடியும்? பெயர்க் குழப்பம் கடைசியில் குளத்துக்காரர் தலையில்தான் விடிகிறது.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் பக்கம் வருகிறேன். மலர்களில் அடிக்கடி வரும் ஒரு வாதம் இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தார், ஆகவே லின்னேயஸுக்கு முன்பே தமிழன் விலங்கியல் வகைப்பாடு செய்துவிட்டான் என்பது. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் உமாசுவாமி புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று புலன் ஒன்றொன்றாகக் கூடுவதைச் சொல்கிறார். அதை வைத்து எங்கள் சமணர்களும் இதே பெருமை பேசுவது உண்டு. இரண்டு பகுப்பும் நெருக்கமானவை. தொல்காப்பியரைச் சமணர் என்று வாதித்த வையாபுரிப் பிள்ளை இந்தப் பொருத்தத்தையும் ஒரு சான்றாகக் காட்டினார். ஆனால் உதாரணங்கள் அப்படியே ஒன்று அல்ல. ஈரறிவுக்கு உமாசுவாமி புழுவைச் சொல்ல, தொல்காப்பியர் நத்தையையும் சிப்பியையும் சொல்கிறார்.

இந்தப் பகுப்பை மீன் புழுவிடம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இரண்டு புலன் என்றால் தொடுதலும் சுவையும். நாடாப்புழுவுக்கும் முட்தலைப்புழுவுக்கும் வாயே கிடையாது, குடலும் கிடையாது. உணவு தோல் வழியாக உள்ளே போகிறது. நாக்கில்லாததற்குச் சுவை எங்கே? டாக்டிலோகைரஸுக்கோ ஒளியை உணரும் நான்கு கண்புள்ளி இருக்கிறது. நான்காவதாக வர வேண்டிய பார்வை இங்கே முன்னாலேயே வந்து நிற்கிறது. உடற்கூற்று நூல் என்று வாசித்தால் நம் பகுப்பு தோற்றுப் போகும்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். லின்னேயஸ் வழி வந்தவர்கள் கேட்கும் கேள்வி 'யாருக்கு யார் உறவு?' என்பது. எங்கள் ஆச்சாரியர்கள் கேட்டது 'எந்த உயிர் எவ்வளவு உணரும், அதனிடம் நான் எப்படி நடக்க வேண்டும்?' என்பது. அது அறத்தின் படிக்கட்டு. கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு. அறநூலை விலங்கியல் நூல் என்று சொல்லி விற்பது கலப்படம்.

வடிகட்டிய நீர் குடிக்கும் எங்கள் விரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புச் சிலந்தி என்ற நோயை உண்டாக்கும் நீண்ட உருளைப்புழு, தண்ணீரிலுள்ள சைக்ளோப்ஸ் என்ற நுண்ணுயிர் வழியாக மனிதனுக்குள் போகும். கெளுத்தி, விரால் போன்ற மீன்களிலுள்ள காமலானஸ் வகை உருளைப்புழுக்களும் இதே சைக்ளோப்ஸ் சாதி மேல் ஏறித்தான் வருகின்றன. துணியில் வடிகட்டினால் சைக்ளோப்ஸ் நின்றுவிடும். நரம்புச் சிலந்தி ஒழிப்பில் துணி வடிகட்டி ஒரு முக்கிய ஆயுதம். 1996இல் இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானார், 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோய் அற்ற நாடு என்று சான்று அளித்தது. உடனே 'பார்த்தீர்களா, எங்கள் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள்' என்று சிலர் கிளம்புவார்கள். முன்னோர் நீரை வடிகட்டியது நீரிலுள்ள சிற்றுயிர் சாகக் கூடாது என்பதற்காக. அவர்கள் காப்பாற்ற நினைத்தது சைக்ளோப்ஸை! கூடவே மனிதனும் பிழைத்தான். நடந்ததை நடந்தபடி சொன்னாலே அவர்கள் கருணைக்கு அது போதுமான பெருமை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் பிள்ளைகள். வெளிமாநிலத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விலங்கியல் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டிலும் சங்க விழாவிலும் மட்டும் கிடைக்கிறது. 'எல்லாம் தொல்காப்பியத்தில் இருக்கிறது' என்று நாம் சொல்லி, அவர்கள் பாடப் புத்தகத்தைத் திறந்து அது இல்லை என்று கண்டுகொண்டால், விலங்கியலை விட மாட்டார்கள், தொல்காப்பியத்தைத்தான் விடுவார்கள். மிகைப்படுத்திய பெருமை பிள்ளையின் முதல் பரீட்சையிலேயே உடைந்துபோகும்.

ஒரு புழுவின் பெயரைச் சரிபார்க்க மூன்று நாடு சுற்றி, பழைய மாதிரிகளைத் தேடி, 51 பெயர்களைத் தள்ளுபடி செய்ய ஆஷும் நண்பர்களும் எடுத்த உழைப்பை நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கு நம் மலர்க் கட்டுரைகளுக்கு வந்தால் போதும். நம் நூல்களைப் பற்றி எழுதும்போது எந்த நூல், எந்தப் பகுதி, என்ன கேள்விக்கு அது விடை சொல்கிறது என்று பார்த்து எழுதுவோம். அடுத்த மலரில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ மரபியலையும் விலங்கியலையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, இந்தக் கட்டுரையையும் தணிக்கை செய்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம். பேரேடு திறந்தே இருக்கிறது.